நெஞ்சளவுத் தண்ணீர்

அளவு எடுக்கும்போது எல்லோரும் பொய் சொல்வார்கள் என்பதுதான் டெய்லரம்மாவுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த முதல் விஷயம். வாயால் அல்ல, உடம்பால். டேப் இடுப்பைச் சுற்றியதும் வயிறு உள்ளே போய்விடும். தோளில் வைத்ததும் கூன் நிமிர்ந்துவிடும். அந்த அளவுக்குத் தைத்துக் கொடுத்தால் மறுநாளே துணியைச் சுருட்டிக்கொண்டு வந்து, என்னம்மா இப்படி இறுக்கிப் பிடிக்கிறது என்று அவளிடம்தான் குறைப்படுவார்கள். அதனால் அவள் ஒரு வழி வைத்திருந்தாள். முதலில் சும்மா ஒரு தடவை அளப்பாள். பிறகு உதட்டில் குண்டூசியைக் கடித்துக்கொண்டே பேச்சுக் கொடுப்பாள். மகளுக்கு வேலை கிடைத்ததா, மாடிவீட்டுக்காரரோடு குழாய்ச் சண்டை என்ன ஆயிற்று என்று எதையாவது கேட்பாள். அவர்கள் கதையில் இறங்கி உடம்பை மறந்து நிற்கிற நேரத்தில், நழுவிய டேப்பைச் சரிசெய்வதுபோல உண்மையான அளவை எடுத்துவிடுவாள்.

அந்த வழியை அவள் கையாளாமல் விட்டது ஒரே ஒரு ஆளிடம்தான். அவள் வீட்டுக்காரரிடம்.

அவர் பஸ் டிரைவர். டிப்போவில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, நெட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். அவருக்கு அதில் கோபம் கிடையாது, உள்ளூரப் பெருமைதான். டெய்லரம்மாவோ அவர் முழங்கைக்குக் கொஞ்சம் மேலே நிற்பாள். கல்யாணப் படம் எடுத்தவர் அவளை ஒரு மரப்பெட்டியின் மேல் ஏற்றி நிறுத்தித்தான் இருவர் முகத்தையும் ஒரே படத்துக்குள் கொண்டுவந்தார். அந்த வீட்டில் பல்பு மாற்ற ஸ்டூல் வாங்கியதே இல்லை. பரண்மேல் இருக்கும் பெட்டியை எடுக்க வேண்டுமென்றால், "இங்க வாங்க, ஏணி" என்று அவள் கூப்பிடுவாள். அவரும் வந்து எடுத்துக்கொடுத்துவிட்டு, "கீழ இருக்கற சாமான் ஏதாவது வேணும்னா உன்னைக் கூப்பிடறேன்" என்பார்.

ஒருநாள் பிரேக்கின் மேல் அவர் கால் ஒரு கணம் பிந்தி விழுந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. முன்னால் போன சைக்கிள்காரர் திட்டிவிட்டுப் போனார், அவ்வளவுதான். ஆனால் அவர் அந்த ஓட்டத்தை முடித்து, பஸ்ஸை டிப்போவில் நிறுத்தி, சாவியை மேலாளர் மேஜையில் வைத்துவிட்டு வந்துவிட்டார். அதற்கப்புறம்தான் டாக்டர்கள். தசை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிற வியாதி என்றார்கள். நிறுத்த முடியாது, தள்ளிப்போடலாம் என்றார்கள். தள்ளிப்போட ஒரு வழி, தண்ணீருக்குள் நடப்பது. தண்ணீர் நெஞ்சளவு இருந்தால் உடம்பின் பாரத்தில் பெரும்பகுதியை அது தூக்கிக்கொள்ளும். தரையில் நடக்க மாட்டாத கால் அங்கே நடக்கும். இடுப்பளவு போதாது, கழுத்தளவு ஆபத்து.

ஊர் நீச்சல்குளத்துக்கு ஒரு தடவை போனார்கள். இறங்க ஏணிதான் இருந்தது. இரண்டு பேர் பிடித்து இறக்கினார்கள். சின்னப் பிள்ளைகள் நீந்துவதை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். ஆனால் தண்ணீருக்குள் நின்றதும் அவர் நடந்தார். சுவரைக்கூடப் பிடிக்காமல் நடந்தார். அதைப் பார்த்த மகள் கரையில் நின்று அழுதாள். டெய்லரம்மா அழவில்லை. வீட்டுக்குப் பின்னால் துணி காயப்போடுகிற இடம் எவ்வளவு நீளம் இருக்கும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

வேலையை விட்டபோது வந்த தொகை அப்படியே குழியாகப் போயிற்று. பூல் கட்டுகிறவர் நல்ல மனிதர், வளவளவென்று பேசுவார். ஒரு பக்கம் ஆழம் குறைத்து, மறுபக்கம் சரிவாக இறக்கலாம், பின்னாடி பேரப்பிள்ளைகள் விளையாடத் தோதாக இருக்கும் என்றார். சரிவு கூடாது, கால் வழுக்கும், அடி முழுக்கச் சமதரையாக இருக்கவேண்டும் என்று பயிற்சி கொடுக்கிற பெண் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். அப்படியென்றால் ஒரே ஆழம்தான். அந்த ஆழம் எவ்வளவு என்பதுதான் கேள்வி.

"ஐயாவோட நெஞ்சளவு சொல்லுங்க. மிச்சத்த நான் பாத்துக்கறேன்" என்றார் அவர்.

வீட்டுக்காரர் நாற்காலியைப் பிடித்து எழுந்தார். சமையலறைக் கதவுநிலையில் முதுகைச் சாய்த்து, குதிகாலைச் சேர்த்து, மூச்சை இழுத்துப் பிடித்து நின்றார். அவர் அப்படி நின்று மாதங்கள் ஆகியிருந்தன. பழைய நெட்டை. டெய்லரம்மா கழுத்திலிருந்து டேப்பை எடுத்தாள். அக்குளுக்குச் சற்றுக் கீழே, நிலையின் மேல், சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போட்டாள். அவர் முழங்கால் லேசாக நடுங்குவது அவள் கண்ணுக்குத் தெரிந்தது. டேப்பை எடுத்ததும் அந்த உடம்பு எவ்வளவு இறங்கும் என்பதும் தெரிந்தது. பேச்சுக் கொடுத்து மறுபடி ஒரு தடவை அளக்கவேண்டும்.

மகள்தான் வாயைத் திறந்தாள். "கொஞ்சம் கம்மியா வைக்கலாமேப்பா. நாளைக்கு..."

"நாளைக்கு என்ன? நான் என்ன துவைச்ச துணியா, சுருங்கறதுக்கு?"

பூல்காரர் சிரித்தார். அவர் சிரித்ததால் மகளும் சிரித்தாள். டெய்லரம்மா கோட்டை மறுபடி ஒருமுறை பார்த்துவிட்டு எண்ணைச் சொல்லிவிட்டாள்.

அதற்கு அவளிடம் ஒரு சமாதானமும் இருந்தது. துணி கூடுதலாக இருந்தால் வெட்டிக்கொள்ளலாம், குறைந்தால் ஒட்டமுடியாது. பூல்காரரும் அன்றைக்கு அதையேதான் சொன்னார்: ஆழம் கூடிப்போனால் மேலே கான்கிரீட் போட்டு ஏற்றிக்கொள்ளலாம், குறைந்துபோனால் தோண்டமுடியாது. இரண்டு தொழிலும் ஒன்றுபோலப் பேசியதில் அவள் மனசைத் தேற்றிக்கொண்டாள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வளரும் என்று உள்ளே துணி விட்டுத் தைக்கிறவள் அவள். குறையப்போகிற உடம்புக்கு எப்படி விடுவது என்று அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

தோண்டி, கம்பி கட்டி, ஓடு பதித்து முடிக்க மழைக்காலம் குறுக்கே வந்து வேலை இழுத்துக்கொண்டே போனது. அதற்குள் அவர் முதுகு வளைந்துவிட்டது. முழங்கால் முழுதாக நீள்வதில்லை. முதல் நாள் மகள் முன்னால் இறங்கிக் கையைப் பிடிக்க, அவர் படிகளில் ஒவ்வொன்றாக இறங்கி நின்றார். அக்குளுக்குக் கீழே நிற்கவேண்டிய தண்ணீர் தாடையைத் தொட்டது.

அவர் முகத்தை மேலே தூக்கிக்கொண்டார். வானத்தைப் பார்ப்பதுபோல. "சரியா இருக்கு" என்றார்.

தண்ணீரைக் குறைத்துவிடலாமே என்று மகள் கேட்டாள். அது நடக்காது. சுவரில் இருக்கிற வாய் வழியாகத்தான் தண்ணீர் வெளியே போய்ச் சுத்தமாகித் திரும்ப வரும். மட்டம் அதற்குக் கீழே போனால் மோட்டார் காற்றை இழுத்துக் கருகிவிடும். ஓடாவிட்டால் தண்ணீர் பாசி பிடித்துவிடும். பூல்காரர் இதை விளக்கிக்கொண்டிருந்தபோது, "அதெல்லாம் ஒண்ணும் வேணாம். எனக்குச் சரியாத்தான் இருக்கு" என்று வீட்டுக்காரர் இரண்டாம் முறையும் சொன்னார். டெய்லரம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொன்னார். அளவு தப்பு என்று அவர் சொல்லமாட்டார், சொன்னால் அவளைச் சொன்னதாக ஆகிவிடும். அவளும் சொல்லமாட்டாள், சொன்னால் அவரைச் சொன்னதாக ஆகிவிடும். இருவரும் அப்படி ஒருவருக்கொருவர் மரியாதை காட்டிக்கொண்டிருந்ததில் தண்ணீர் அங்கேயே நின்றது.

அவள் தன்னால் முடிந்ததைச் செய்தாள். கனமான துணியில் அவருக்கு ஒரு கையில்லாத சட்டை தைத்தாள். முதுகுப்பக்கம் ஒரு வளையம் வைத்து, நாலு தடவை ஓட்டித் தைத்து, அதிலிருந்து நீளமாக ஒரு பட்டையை விட்டாள். காலையில் மகள் வேலைக்குப் போனபின், கரையில் பட்டையைக் கையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்து, தைத்த சட்டைகளின் பட்டன் துளைகளுக்குக் காஜா எடுப்பாள். அவர் சுவர்க் கம்பியைப் பிடித்தபடி, முகத்தைத் தூக்கிக்கொண்டு நடப்பார்.

"நாய்க்குட்டியைக் காத்தாட கூட்டிட்டுப் போறியா?"

"நாய்க்குட்டியா இருந்தா சொன்ன பேச்சைக் கேக்கும்."

ஒருநாள் அவள் நூலைப் பல்லால் கடிக்கத் தலையைத் திருப்பினாள். அவருக்கு ஒரு தும்மல் வந்தது. அவ்வளவுதான். தும்மலுக்குத் தலை குனிந்தது, குனிந்த இடத்தில் தண்ணீர் இருந்தது. உள்ளே போன தண்ணீருக்கு இருமல், இருமலுக்குக் கால் வழுக்கல். பட்டை அவள் கையை அறுத்துக்கொண்டு இழுத்தது. அவள் இழுத்துப் பார்த்து, முடியாமல், துணியோடும் ஊசியோடும் குதித்துவிட்டாள். அவளுக்கு அந்தத் தண்ணீர் தலைக்கு மேல். ஒரு கையால் கம்பியைப் பிடித்து, மறுகையால் அந்த வளையத்தைப் பற்றி, அவர் தலையை வெளியே தூக்கிப் பிடித்துக்கொண்டு தான் மூழ்கி மூழ்கி எழுந்தாள். பக்கத்து வீட்டுக்காரர் சத்தம் கேட்டு மதில் ஏறிக் குதித்து வரும்வரை தையல் பிரியவில்லை.

நுரையீரலில் தண்ணீர் போய்ச் சளி கட்டி, ஆஸ்பத்திரியில் கிடந்தார். கிடந்த நாட்களில் கால் இன்னும் கொஞ்சம் போய்விட்டது. பூல்காரர் பார்க்க வந்தார். வராந்தாவில் நின்று, தன்மேல் பழி வந்துவிடுமோ என்ற பயத்தில், "நீங்க குடுத்த அளவுதாம்மா" என்றார்.

"நான் குடுத்ததுதான்" என்றாள் டெய்லரம்மா. "திரும்ப அளந்து குடுக்கறேன். அடிய ஏத்திடுங்க."

வீட்டுக்கு வந்தபின் அதே கதவுநிலையில் அவரை நிறுத்தினாள். பழைய கோடு அழியாமல் இருந்தது; யாரும் அதைத் துடைக்கவில்லை. அவர் அதை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, மறுபடி மூச்சை இழுத்து நிமிரப் பார்த்தார். அவள் டேப்பைக் கழுத்திலேயே விட்டுவிட்டு, குண்டூசியை உதட்டில் வைத்துக்கொண்டாள்.

"அந்த ஏத்தத்துல ஒரு தடவ பஸ் நின்னுபோச்சே, ஒரு கல்யாணக் கூட்டம் மொத்தத்தையும் எறங்கித் தள்ள வச்சீங்களே. பொண்ணும் தள்ளுச்சா?"

அவர் சிரித்தார். மாப்பிள்ளை தள்ள மறுத்ததையும், பெண் புடவையைச் செருகிக்கொண்டு வந்து தோள்கொடுத்ததையும், அப்போதே அந்த வீட்டில் யார் டிரைவர் என்று தெரிந்துவிட்டது என்று கண்டக்டர் சொன்னதையும் சொல்லிக்கொண்டே போனார். தோள் இறங்கியது. முதுகு வளைந்தது. முழங்கால் மடிந்தது. அவள் கழுத்திலிருந்த டேப் தானாக நழுவுவதுபோல அவர் பக்கம் நழுவியது.

அவர் நடுவில் பேச்சை நிறுத்தினார்.

"பேச்சுக் குடுத்து அளக்கறியா?"

அவள் வாயில் ஊசி இருந்தது.

"என்னையும் கஸ்டமர் ஆக்கிட்ட."

"முதல்லயே ஆக்கியிருக்கணும்."

பிறகு அவர் பிடித்துவைத்திருந்த மிச்ச மூச்சையும் விட்டார். இன்னும் கொஞ்சம் இறங்கினார். இதுவரை அவளுக்கும் காட்டாத இறக்கம் அது. "எடுத்துக்கோ. இதுதான்" என்றார். அவள் கோடு போட்டாள். பழைய கோட்டுக்கும் புதுக் கோட்டுக்கும் நடுவில் அவள் கை விரித்தால் ஒரு சாண். அதற்கும் கீழே, அவரைக் கேட்காமலே, நாலு விரல் விட்டு இன்னொரு கோடு போட்டு, அந்த எண்ணைத்தான் பூல்காரரிடம் சொன்னாள். வீட்டுக்காரர் அதைப் பார்த்தார். துவைச்ச துணியைப் பற்றி இந்தத் தடவை ஒன்றும் சொல்லவில்லை.

அடியில் பதித்த ஓடுகளை உடைத்து, கான்கிரீட் போட்டு, காயவிட்டு, மறுபடி ஓடு பதித்தார்கள். தண்ணீர் நிரப்பிய அன்று மகள் ஒரு பக்கமும் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு பக்கமுமாக அவரை இறக்கினார்கள். தண்ணீர் நெஞ்சில் நின்றது. அவர் முகத்தைத் தூக்கவில்லை. நேரே எதிர்ச் சுவரைப் பார்த்தபடி அந்த முனைவரை நடந்தார். திரும்பி வரும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டார். சரியாக இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டே, டெய்லரம்மாவின் காலைத் தண்ணீருக்குள் இழுத்து நனைத்துவிட்டார்.

அப்படிச் சில தடவைகள்தான். பிறகு இறக்க மூன்று பேர் வேண்டியிருந்தது. பிறகு இறக்குவதையே நிறுத்திவிட்டார்கள். ஜன்னலோரம் கட்டிலைப் போட்டார்கள். அங்கிருந்து பார்த்தால் தண்ணீர் தெரியும். மோட்டாரை நிறுத்திவிடலாமா என்று மகள் கேட்டபோது, வேண்டாம், சத்தம் கேட்கட்டும் என்றார். குளிர் நாட்களில் ஒரு சாயங்காலம், டெய்லரம்மா யாரோ ஒருத்திக்கு ரவிக்கை அளவு எடுத்துக்கொண்டிருந்தபோது போய்விட்டார். சவப்பெட்டிக்காரர் வந்து உயரம் கேட்டார். அவள் இந்தத் தடவை சமையலறைப் பக்கம் போகவில்லை. "படுத்திருக்காரே, அளந்துக்கோங்க" என்றாள்.

அடுத்த வருஷம் வீட்டை விற்பனைக்கு வைத்தார்கள். டெய்லரம்மா ஸ்டூல் ஒன்று வாங்கியிருந்தாள். பல்பு மாற்ற அதில் ஏறியும் அவளுக்கு எட்டவில்லை. வீடு பார்க்க வந்தவர் மனைவியோடு பின்பக்கம் போய்ப் பூலைச் சுற்றி நடந்தார். கம்பு ஒன்றை விட்டு ஆழம் பார்த்தார்.

"என்னம்மா இது, ரெண்டுங்கெட்டானா இருக்கு? குதிச்சா தலை இடிக்கும், பிள்ளைங்க எறங்கினா மூழ்கிடும். யாருக்குக் கட்டினீங்க?"

மண்ணைப் போட்டு மூடிவிடலாம், செலவு அதிகமில்லை என்று மகள் சொல்ல ஆரம்பித்தாள்.

"ஒரு ஆளுக்கு அளவெடுத்துக் கட்டினது" என்றாள் டெய்லரம்மா. "வேற யாருக்கும் பத்தாது."

வந்தவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நனைந்த கம்பைத் தன் உடம்போடு சேர்த்துப் பிடித்து, ஈரம் எதுவரை வருகிறது என்று பார்க்க நிமிர்ந்து நின்றார். மூச்சை இழுத்து, வயிற்றை உள்ளே தள்ளி நின்றார். டெய்லரம்மா பழக்கத்தில் மனசுக்குள் நாலு விரல் கழித்துக்கொண்டாள்.