பசியில்லை என்ற நாற்பது பேர்

சரசு அக்காவுக்குச் சிங்கப்பூரில், செம்பவாங் பக்கம் வீடு. முப்பது வருடம் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் குறையுள்ள சாமானைப் பொறுக்கித் தள்ளும் வேலை பார்த்தார். ஓய்வு பெற்றதும் எங்கள் தொண்டு அமைப்புக்கு வந்துவிட்டார். வேலையிடத்தில் அடிபட்ட தமிழ்நாட்டுத் தொழிலாளர்களுக்குத் தேக்கா மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு கடையில் வைத்து மதியச் சாப்பாடு கொடுக்கிறோம். இழப்பீடு முடிவாகும்வரை அவர்கள் வேலை பார்க்கவும் கூடாது, வெறுங்கையோடு ஊருக்குப் போகவும் மனசு வராது. நான் சோற்றுப் பொட்டலம் கட்டுகிறவன். அக்கா படிவம் நிரப்புகிறவர்.

படிவம் என்றாலே எனக்கு ஆகாது. சோறு வயிற்றுக்குள் போயிற்றா என்று பார்க்கத் தாள் எதற்கு? ஆனால் நன்கொடை தருகிறவர்களுக்குப் பலன் எண்ணில் தெரிய வேண்டுமாம். அதனால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை அக்கா ஒவ்வொருவரையும் எதிரில் உட்கார வைத்துக் கேட்பார்: போன வாரம் சாப்பிடாமல் விட்ட வேளை உண்டா?

நாற்பது பேரும் இல்லை என்றார்கள். இயந்திரத்தில் கை நசுங்கிய வெங்கடேஷ், அறந்தாங்கிப் பக்கத்துக்காரர், ஒரு குறையும் இல்லை, நீங்களெல்லாம் இருக்கும்போது எனக்கென்ன என்றார். அக்கா அதை அப்படியே எழுதிக்கொண்டார். சோறு போட்டவர் முகத்துக்கு நேரே பசிக்கிறது என்று நம்ம ஆள் எவன் சொல்வான்? அது உண்ட வீட்டுக்கு ரெண்டகம் செய்கிற மாதிரி ஆகாதா? அன்றைக்கு எங்கள் இருவருக்குமே இது உறைக்கவில்லை.

ஒரு மாதம் கழித்து எங்கள் அமைப்பின் அலுவலகத்திலிருந்து நிரஞ்சனா வந்தாள். சின்னப் பெண், எதையும் சிரித்துக்கொண்டே சொல்கிறவள். அன்று சிரிக்கவில்லை. நன்கொடையாளர்கள் அறிக்கையைப் படித்துவிட்டார்களாம். பட்டினி கிடந்தவர் ஒருவர்கூட இல்லை, ஆகவே தேவை தீர்ந்தது, மாதக் கடைசியோடு சாப்பாட்டை நிறுத்தலாம் என்கிறார்களாம்.

"டேட்டா அப்படித்தான் சொல்லுது லா, ஆன்ட்டி" என்றாள்.

அக்காவின் முகம் செத்துப்போயிற்று. டேட்டா என்றால் அவர் கையெழுத்துதானே. மறுநாள் கேள்வியை மாற்றிக்கொண்டு வந்தார். தன்னைப் பற்றிக் கேட்டால் எல்லாரும் மானத்தைத்தான் காப்பாற்றுவார்கள், கூட இருப்பவரைப் பற்றிக் கேட்டுப் பார்ப்போம் என்றார். உங்கள் அறையில் இருப்பவர் நேற்று இரவு என்ன சாப்பிட்டார்? அவ்வளவுதான் கேள்வி.

மடை திறந்தது போலச் சொன்னார்கள். வெங்கடேஷின் அறைத்தோழர் கோவிந்தராசு, மதியப் பொட்டலத்தில் பாதியை வெங்கடேஷ் இரவுக்கு எடுத்து வைப்பதையும், நாங்கள் கடை திறக்காத ஞாயிற்றுக்கிழமைகளில் வெறும் தேத்தண்ணியில் பொழுதை ஓட்டுவதையும் சொன்னார். நாற்பதில் முப்பத்தோரு பேர் கதை அதுதான். பொட்டலம் கட்டிய என் கையை நானே வெறுத்தேன். ஞாயிற்றுக்கிழமை இவர்கள் என்ன செய்வார்கள் என்று ஒரு நாளாவது நான் யோசித்ததுண்டா?

நிரஞ்சனா அதை நன்கொடையாளர்களுக்கு அனுப்பி வைத்தாள். பதில் உடனே வந்தது. ஒருவரைப் பற்றி இன்னொருவர் சொல்வதைக் கணக்கில் எடுக்க முடியாது, அவரவர் வாயால் சொல்ல வேண்டும், இரண்டு நாள் அவகாசம்.

அக்கா மறுபடியும் எல்லாரையும் கூப்பிட்டார். முதலில் வெங்கடேஷ். நான் போய்விடலாமென்று எழுந்தேன், பிறகு உட்கார்ந்துவிட்டேன்.

"தம்பி, நீங்களே சொன்னாத்தான் எழுத முடியும். இல்லன்னா எல்லாருக்குமே சாப்பாடு நின்னுடும்" என்றார் அக்கா.

வெங்கடேஷ் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு குனிந்தார். ஊரில் அவரை நம்பி ஐந்து பேர். பிள்ளைக்குப் பசி என்றால் எங்கிருந்தாவது சோறு கொண்டுவர ஓடக்கூடிய மனிதர்.

"ஞாயித்துக்கெழம பசிக்குதுக்கா. ராத்திரியிலயும் பசிக்குது. எழுதிக்குங்க" என்றார்.

அக்கா எழுதினார். அவரைப் பார்த்து மற்றவர்களும் ஒவ்வொருவராகச் சொன்னார்கள். சாப்பாடு நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கும் சேர்த்தே கிடைத்தது. அலுவலகத்தில் அக்காவைப் பாராட்டினார்கள், அடுத்த அறிக்கைக்கு இதுதான் முன்மாதிரி என்றார்கள்.

வெங்கடேஷ் மட்டும் அதன் பிறகு வரிசைக்கு வரவில்லை. நாலைந்து நாள் பார்த்துவிட்டு, அவருடைய பொட்டலத்தைக் கோவிந்தராசுவிடம் கொடுத்து அனுப்பினார் அக்கா. ஒரு வாரம் கழித்து, அவர் சாப்பிடுகிறாரா என்று கேட்டார்.

கோவிந்தராசு தயங்கினார். "சாப்பிடுறாருக்கா. நீங்க குடுத்ததுன்னு மட்டும் நான் சொல்லல."