வகுப்பில் இருந்ததாகச் சொன்ன மாலை

75. இந்த எண்ணை மறக்காதீர்கள். இருபது வகுப்பில் பதினைந்துக்காவது வந்திருக்க வேண்டும்; நூற்றுக்கு எழுபத்தைந்து. ஒன்று குறைந்தாலும் தேர்வு எழுத விடமாட்டார்கள்.

இளமாறன் சரியாகப் பதினைந்தில் நின்றான். சிங்கப்பூரில், துவாஸில் கப்பல் பட்டறை வேலை. வாரம் இரண்டு மாலை பஸ்ஸும் எம்ஆர்டி ரயிலும் மாறி லிட்டில் இந்தியா வந்து, ஒரு நகைக்கடை மாடியில் வேலையிடப் பாதுகாப்பு டிப்ளோமா படித்தான். ஐந்து வகுப்பை ஓவர்டைம் தின்றுவிட்டது. தேறினால் சூப்பர்வைசர் ஆகலாம். பன்னிரண்டு வருடமாக அடுத்தவன் காட்டிய இடத்தில் சாரம் கட்டியவன் அதற்குத்தான் காத்திருந்தான்.

அந்தப் பதினைந்தில் ஒன்று பொய்.

மார்ச்சில் ஒரு செவ்வாய். சூப்பர்வைசர் இளமாறனையும் கூடச் சாரம் கட்டும் ரெங்கசாமியையும் மட்டும் வேலைக்கு நிறுத்திக்கொண்டார். அந்த ஓவர்டைமை எங்கும் எழுதவில்லை. எழுதாத ஓவர்டைம் என்றால், எவனும் அங்கே இல்லை என்று பொருள். இளமாறன் வகுப்புத் தோழன் அஃப்னானுக்குப் போன் போட்டு, வருகை பதியும் ஆப்பின் பாஸ்வேர்டைச் சொன்னான். அஃப்னான் அவன் பேரில் நுழைந்து, வகுப்புத் திரையில் தெரிந்த கியூஆர் கோடை ஸ்கேன் செய்தான். பச்சைக் குறி விழுந்தது. அதே மாலை ரெங்கசாமி சாரத்திலிருந்து இளமாறனின் கண்ணெதிரே விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். ஆம்புலன்ஸ் கூப்பிடவில்லை. கம்பெனி வேனில் ஏற்றினார்கள்.

தங்குவிடுதி மாடிப்படியில் விழுந்தார் என்றது கம்பெனி. வேலையில் விழுந்தால்தான் இழப்பீடு. விசாரிக்க வந்த மனிதவள அமைச்சு அதிகாரியிடம் இளமாறன் பார்த்ததைச் சொன்னான். உடனே கம்பெனி அவனுடைய வருகைப் பதிவை நீட்டியது. படிப்புக்குப் பாதிக் கட்டணம் அவர்களுடையது. பதிவு மாதாமாதம் அவர்களுக்குப் போகும். சாட்சி அப்போது வகுப்பில் இருந்தாரே என்றார்கள்.

வெள்ளிக்கிழமைக்குள் ஆதாரம் கொண்டுவரச் சொன்னார் அதிகாரி.

வியாழனன்று இளமாறன் தேக்கா சந்தையில் அஃப்னானைப் பிடித்தான்.

"ஸ்கூல்ல சொல்லப்போறேன்."

"பைத்தியமா உனக்கு? பரீட்சைக்கு ரெண்டு வாரம்தான் இருக்கு லா."

"ரெங்கசாமி அண்ணனுக்கு வேற சாட்சி இல்லடா."

அஃப்னான் பரோட்டாவைப் பிய்ப்பதை நிறுத்தினான். "என் பேரு?"

"கேட்டா மறைக்க முடியாது. அதான் மொதல்ல உன்கிட்ட வந்தேன்."

"ரொம்ப மரியாதை. பத்திரிகை வச்சு அழைக்கிற மாதிரி வந்திருக்க." தட்டைத் தள்ளிவைத்தான். "சொல்லித் தொலை. என்னை வார்னிங்கோட விட்டா உன் அதிர்ஷ்டம். இல்லன்னா என் மூஞ்சில முழிக்காத."

மறுநாள் பள்ளி அலுவலகம். விஷயத்தைக் கேட்டதும் பாடப்பிரிவு மேலாளர் மோகனப்பிரியா கதவைச் சாத்தினார்.

"இது சாதாரண ஆப்சென்ட் இல்ல, இளமாறன். இன்டெக்ரிட்டி கேஸ், ஏமாத்துனதா எடுத்துக்குவாங்க. தெரியும்ல?"

"தெரியும் மேடம்."

"ஒண்ணு செய்யுங்க. இன்னைக்கே கோர்ஸ்லேர்ந்து வித்ட்ரா பண்ணிடுங்க. காரணம் வேலைன்னு போடுங்க. நான் எதுவும் கேக்கல, நீங்க எதுவும் சொல்லல. அடுத்த இன்டேக்ல திரும்ப சேரலாம்."

"அந்தச் செவ்வாக்கிழமை?"

"அது அப்படியே இருக்கும். யாரும் தொடமாட்டாங்க."

"அப்ப நான் க்ளாஸ்ல இருந்ததாவே இருக்கும்."

மோகனப்பிரியா விலகல் படிவத்தை அவன் பக்கம் நகர்த்தினார்.

"திருத்துங்க மேடம். திருத்தி ஒரு லெட்டர் குடுங்க. அஞ்சு மணிக்குள்ள அதிகாரிகிட்ட போகணும்."

"பரீட்சை கெடையாது. ரெண்டு வருஷத்துக்கு இங்க எந்த கோர்ஸும் எடுக்க முடியாது. கட்டுன பணமும் வராது. யோசிச்சுக்குங்க."

"யோசிச்சிட்டுத்தான் வந்தேன்."

"யார் ஸ்கேன் பண்ணா?"

"அஃப்னான். அவன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்றேன். கேட்டது நான், பாஸ்வேர்டு குடுத்ததும் நான். அதையும் எழுதிக்குங்க."

அவர் திரையை அவன் பக்கம் திருப்பினார். அந்தச் செவ்வாய்க்கு நேரே இருந்த பச்சைக் குறியை எடுத்தார். பிரிண்டர் ஓடியது. கடிதத்தில் தேதி, அவன் பெயர், வகுப்புக்கு வரவில்லை என்ற ஒரு வரி. அதற்குக் கீழே அவனுடைய வருகை விழுக்காடு.

70.