சளி பிடித்த குழாய்

என் காதைப் பற்றி யாராவது குறை சொன்னால் எனக்குப் பொல்லாத கோபம் வரும். ஐந்தாம் வகுப்பிலேயே ஊர் கூடி ஒப்புக்கொண்ட காது இது.

செந்துறையில் எங்கள் அடுத்த வீட்டில் இருந்த மாமா, அதாவது அம்மாவின் தம்பி, மைக்செட் வைத்திருந்தார். பக்கத்து ஊர்த் திருவிழாவுக்கு அவருடைய செட்டும் மீன்சுருட்டிக்காரர் ஒருவருடைய செட்டும் கட்டியிருந்தார்கள். கடைசி நாள் காலையில் மழை கொட்டவும், குழாய் ஸ்பீக்கர்களை அவசரமாக அவிழ்த்துக் கோயில் மண்டபத்தில் குவித்தார்கள். வெயில் வந்ததும் அவரவர் பொருளை அடையாளம் பார்த்து எடுத்தார்கள். இரண்டு குழாய்கள் மட்டும் மிஞ்சின. அச்சு அசல் ஒரே மாதிரி. சாக்பீஸில் எழுதியிருந்த பெயர்களை மழை துடைத்துவிட்டிருந்தது.

போட்டுப் பார்த்தார்கள். ஒன்று கணீரென்று பாடியது, மற்றது மூக்கை அடைத்துக்கொண்டு பாடியது. கணீர்க் குழாய் தன்னுடையது என்று இருவரும் அடித்துச் சொன்னார்கள். மறுநாள் மாமா அரியலூரில் பெரிய இடத்துக் கல்யாணத்துக்குச் செட் கட்ட வேண்டும், விடுவாரா?

"எங்க அக்கா புள்ளயக் கேளுங்க. எங்க பாடுனாலும் இது நம்ம செட்டுன்னு வூட்டுல இருந்தே சொல்லிப்புடும்" என்று என்னை முன்னால் தள்ளினார்.

பொய்யில்லை. பாட்டு ஒன்றுதான், பாடுகிறவரும் ஒருவர்தான். ஆனால் குழாய்க்குக் குழாய் குரலின் நிறம் மாறும். எனக்கு அது நன்றாகத் தெரியும்.

கோயில் தர்மகர்த்தா என்னைச் சுவரைப் பார்த்து நிற்கச் சொன்னார். திரும்புவதற்குள் மாமா ஒரு கண்ணைச் சிமிட்டினார். பயப்படாதே என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

முதல் குழாய் பாடியது. ஒவ்வொரு சொல்லும் கழுவி வைத்த எவர்சில்வர் டம்ளராகப் பளபளத்தது.

"இது இல்லீங்க" என்றேன்.

இரண்டாவது பாடியது. அடடா! தினமும் காலையில் மாமா போட்டுப் பார்க்கும்போது என் தூக்கத்தைக் கலைக்கிற அதே குரல். கனமாக, கதகதப்பாக, கொஞ்சம் சளி பிடித்து. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"இதாங்க நம்மளுது!"

"நல்லாக் கேளு பாப்பா" என்றார் மாமா.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "நல்லாத்தான் கேட்டேன் மாமா. நம்மளுது எப்பவும் மூக்காலதானே பாடும்?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. தர்மகர்த்தா விடவில்லை. வரிசையை மாற்றி மாற்றி இன்னும் மூன்று தடவை போடச் சொன்னார். மூன்று தடவையும் அதே குழாயைத்தான் சொன்னேன். கைதட்டலில் மண்டபத்துப் புறாக்கள் பறந்தன. மீன்சுருட்டிக்காரர் என்னைத் தலைக்கு மேல் தூக்கி, "காதா இது, கம்ப்யூட்டரு!" என்றார். அதற்குப் பிறகு வாங்கிய எந்தப் பரிசும் எனக்கு அந்த உயரத்தைத் தந்ததில்லை.

மாமா எங்கள் குழாயைச் சைக்கிள் கேரியரில் கட்டினார். என்னை முன்னால் பாரில் உட்கார வைத்தார். பாதி வழியில் நான் சொன்னேன்: "மாமா, இனிமே எங்கயாச்சும் குழாய் மாறிப்போச்சுன்னா, ஸ்கூலுக்கு வந்துகூட என்னையக் கூப்புடுங்க. நான் வந்து சொல்றேன்."

வீடு வரும்வரை அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பெருமையில் மனுஷனுக்குத் தொண்டை அடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.