உப்புத் தண்ணீர்த் தெருவில் உபதேசியார்

உபதேசியார் வேலையில் ஜெபம் பண்ணுவது சுலபம். ஜனங்களை ஒன்றாக உட்கார வைப்பதுதான் கஷ்டம். ஏதாவது ஒரு சங்கத்துக்கு நாலு பேரைக் கூட்டிப் பார்த்த உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. இரண்டாவது உலகச் சண்டைக் காலத்தில், தூத்துக்குடி உப்பளத்தை ஒட்டிய சின்ன மெதடிஸ்ட் சபையில் எனக்கு ஊழியம். அங்கே கிணற்றுத் தண்ணீர் ஒரே கரிப்பு. நல்ல தண்ணீருக்குப் பெண்கள் ரயில்வே கேட்டைத் தாண்டிப் போகவேண்டும்.

தேவசித்தம்

உப்பளத்தில் சுமடு தூக்கும் பாக்கியத்தின் கைக்குழந்தை அந்தக் கிணற்றுத் தண்ணீரால் பேதி கண்டு இறந்துபோயிற்று. அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எல்லோரையும் இருக்கச் சொல்லி, தண்ணீருக்கு என்ன செய்யலாம் என்று கேட்டேன். ஆண்கள் வாசல் பக்கம் பார்த்தார்கள். சபை மூப்பர் மட்டும், "எல்லாம் தேவசித்தம்" என்று ஆரம்பித்தார். பின்னாலிருந்து பாக்கியம் எழுந்தாள். அதுவரை கோயிலில் அவள் குரலை யாரும் கேட்டதில்லை.

"ஆத்துத் தண்ணியக் கடவுள் குடுத்தாரு. குழாய மனுசன்தானய்யா போடணும்?"

பெஞ்சு

எங்கள் சபை மட்டும் முனிசிபல் ஆபீசில் போய்க் குழாய் கேட்டால், வேதக்காரர் காரியம் என்று தெருவின் இந்துப் பாதி ஒதுங்கிவிடும். அதனால் பலசரக்குக் கடை மாடசாமி அண்ணாச்சியை எங்கள் கோயிலுக்கு வந்து பேசக் கூப்பிட்டேன். அம்மன் கோயில் கொடைத் திருவிழாவை முன்னால் நின்று நடத்துகிறவர் அவர். "வாரேன். ஆனா ஞானஸ்நானம் குடுத்து எம் பேர மாத்திரப்பிடாது" என்றார்.

நெற்றி நிறையத் திருநீறோடு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார். எழுந்து பேசவில்லை, உட்கார்ந்தபடியே பேசினார், பேசினார், வெயில் தாழும்வரை பேசினார். கடைசியில் எங்கள் ஆண்களும் ஆபீசுக்கு வருகிறோம் என்று கை தூக்கினார்கள். நான் நன்றி சொல்லப் போனேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்:

"ஒங்க கோயில்ல பெஞ்சு சொகமாருக்கு உபதேசியாரே. எங்க கோயில்னா நின்னுல்லா பேசணும், சுருக்கா முடிச்சிருப்பேன்."

இரண்டு பாட்டு

குழாய் ஆபீசர் நல்ல மனிதர்தான். சண்டை முடியாமல் இரும்பு கிடைக்காது என்று கையை விரித்தார். நாங்கள் வராந்தாவிலேயே உட்கார்ந்தோம். பொழுது போகாமல் எங்கள் பெண்கள் கீர்த்தனை பாடினார்கள். விடுவார்களா அண்ணாச்சி வீட்டுப் பெண்கள்? கும்மிப் பாட்டை எடுத்தார்கள். இரண்டும் ஒன்றை ஒன்று விரட்டிக்கொண்டு ஏறின. பேனாவும் கையுமாக ஆபீசர் வெளியே ஓடிவந்தார்.

"பழைய குழாய் எங்கயாவது கெடக்கான்னு தேடச் சொல்லுதேன். ரெண்டுல ஒரு பாட்டையாவது நிறுத்துங்கம்மா!"

ரோசம்

குழாய் வந்தது. முதல் நாளே, குடத்தோடு வந்த சேரிப் பெண் ஒருத்தியை எங்கள் மூப்பர் மறித்தார்: "நீ தள்ளி நில்லு. நாங்க ஊத்துதோம்." இத்தனை பாடும் இதற்குத்தானா? நான் முன்னால் போவதற்குள் பாக்கியம் தன் குடத்தை எடுத்துவிட்டு, "ஏளா, வா, இங்கன வையி" என்று அவளை இழுத்துவிட்டாள். அண்ணாச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டார், ஆனால் தடுக்கவில்லை. மூப்பர் வெறுங்குடத்தோடு வீட்டுக்குப் போய்விட்டார்.

சாயங்காலம் மூப்பரின் மனைவி அதே குடத்தோடு வந்து, அந்தச் சேரிப் பெண்ணுக்குப் பின்னால் வரிசையில் நின்றார். "அவுக சம்மதிச்சாகளாம்மா?" என்று கேட்டேன்.

"சோறு பொங்கணும்லா உபதேசியாரே? அவுக ரோசத்த ஊத்தியா பொங்க முடியும்?"

ஜனங்களை ஒன்று சேர்க்க அத்தனை பாடுபட்ட நான், சேர்ந்தபின் அவர்கள் குழாயடியில் போட்ட சண்டையை விலக்கியே மீதி ஊழியத்தையும் முடித்தேன்.