அணைக்கு எங்கள் தெரு வைத்த ஒப்பு

மாலை ஆறு நாற்பது. அரைபடும் உளுந்தின் ஈர வாசனையும் கிரைண்டரின் கடகடப்பும் நிறைந்திருந்த எங்கள் கொச்சி மட்டாஞ்சேரி வீட்டு வாசலில், பாபு சேட்டன் மூன்று பக்கத் தாளோடும் மை டப்பாவோடும் வந்து நின்றபோதுதான் எல்லாம் பிசகத் தொடங்கியது. தொண்ணூறுகளின் பிற்பாதி, எனக்குப் பன்னிரண்டு வயது. அப்போது முறைவைத்து அரை மணி நேரம் மின்சாரத்தை நிறுத்துவார்கள். ‘கரண்டு கட்டு’ என்போம். எங்கள் தெருவின் முறை ஏழிலிருந்து ஏழரை. மூன்று சாயாக் கடைகளுக்கு மாவு அரைத்துக் கொடுத்துவந்த அம்மாவுக்கு அந்த அரை மணி நேரம் தீராத பகை.

பாபு சேட்டன் ரேஷன் அட்டைக்கும் குடிநீர் இணைப்புக்கும் எங்களுக்காக அலைபவர். அன்று அவர் கொண்டுவந்தது, மலையாற்றில் பெரிய அணையை உடனே கட்ட வேண்டும் என்று அரசுக்கு ஒரு மனு. அந்த நாட்களில் பஸ்ஸிலும் முடிவெட்டும் கடையிலும் இதே விவாதம்தான். அணை வந்தால் இருட்டு ஒழியும் என்பார் ஒருவர். காடும், அங்கே காலங்காலமாக இருக்கும் காடர் பழங்குடியினரும் என்ன ஆவது என்பார் இன்னொருவர்.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. நகரசபை வேலைக்கென்று தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பங்கள் நாங்கள். பெரியவர்கள் மலையாளம் சரளமாகப் பேசுவார்கள், படிக்கத் தெரியாது. எந்தத் தாள் வந்தாலும் பொதுக்குழாயடியில் கூடி, பள்ளிக்குப் போகும் பிள்ளை ஒன்று முழுவதையும் உரக்க வாசித்த பிறகே ‘ஒப்பு’, அதாவது கைநாட்டு, வைப்பார்கள். நான் பிறப்பதற்கு முன், யாரோ வைத்த கையெழுத்தைக் காட்டி, கால்வாய்க்கரையிலிருந்த குடிசைகளை ஒரே காலையில் காலி செய்ய வைத்தார்களாம். அன்றிலிருந்து வந்த கட்டுப்பாடு. “கேக்காம கை நீட்டாதே” என்பது பக்கத்து வீட்டு முத்தம்மா அத்தையின் வாக்கு.

அன்று வாசித்தது நான். முதல் இரண்டு பக்கங்களில் வெளிச்சமும் தொழிற்சாலைகளும். மூன்றாம் பக்கத்தில், அணைக்காகக் காடர் குடும்பங்களை வேறிடத்துக்கு மாற்றுவதில் எங்களுக்கு மறுப்பில்லை என்று இருந்தது. என் கண் அதைப் படித்துவிட்டது, வாய் படிக்கவில்லை. படித்தால் முத்தம்மா அத்தை கேள்வி கேட்பார், பேச்சு ஏழு மணிக்குள் முடியாது என்று தெரியும். “அடியே, சீக்கிரம் முடிச்சுட்டு மாவள்ள வா, கரண்டு போகப்போவுது!” என்று வீட்டுக்குள்ளிருந்து அம்மாவின் குரல் வேறு. தாளை மடித்து, “அவ்ளோதான்” என்றேன். இருபத்திரண்டு பேர் விரலில் மை தொட்டார்கள். நான்தான் ஒவ்வொருவர் விரலையும் பிடித்து அழுத்தினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, வாசகசாலை மைதானத்தில் அணையைப் பற்றி இரு தரப்பும் பேசும் கூட்டம் நடந்தது. நாற்காலி போடப் போயிருந்த அப்பா திரும்பி வந்து சட்டையைக்கூடக் கழற்றவில்லை. மேடையில் ஒருவர் எங்கள் மனுவின் நகலைத் தூக்கிக் காட்டி, மட்டாஞ்சேரித் தமிழ்த் தொழிலாளிகளே காடரை மாற்றச் சம்மதித்துவிட்டார்கள் என்றாராம்.

“அதுல அப்படி எழுதியிருந்துச்சா?”

ஆமென்று தலையசைத்தேன். அப்பா அடிக்கவில்லை. நேரே குழாயடிக்குப் போய், “எம் மக தெரிஞ்சே வாசிக்காம விட்டுட்டா” என்று எல்லோரிடமும் அவரே சொன்னார்.

“நம்ம குடிசையப் பிரிச்சப்பவும் எவனோ ஒருத்தன் சாயா குடிச்சுக்கிட்டேதான் ஒப்பு வச்சிருப்பான்” என்றார் முத்தம்மா அத்தை.

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. “காடு காடுங்கிறீங்களே மதினி, ஒரு நாள் வந்து ஆட்டுக்கல்லுல ஆட்டிப் பாருங்க.”

“ஒம் மாவுக்காக ஒருத்தன் ஊரத் தண்ணியில முக்கணுமாடி?”

“முக்கவா சொன்னேன்? கரண்டு வேணும்னுதானே சொன்னேன்!”

அப்பா என்னைக் கையோடு அழைத்துப்போய்ப் பாபு சேட்டனிடம் மனுவைத் திருப்பிக் கேட்டார். “அது திருவனந்தபுரம் போயாச்சு அண்ணாச்சி. வச்ச ஒப்ப அழிக்க ரப்பர் உண்டோ?” என்று சிரித்தார் சேட்டன். மறுவாரம் ஏதோ ஒரு விண்ணப்பம் வந்தபோது, குழாயடியிலிருந்து வேறொரு பிள்ளையின் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்தக் குழாய் இன்று இல்லை. கரண்டு கட்டும் இல்லை. அணை கட்டப்படவேயில்லை, சில வருடங்களுக்கு ஒருமுறை பேச்சு மட்டும் எழுந்து அடங்குகிறது. இடப்பள்ளியில் வளரும் என் மகள், தாத்தாவின் கைபேசியில் வரும் நீண்ட நிபந்தனைகளுக்கெல்லாம் ஒரே தட்டலில் சம்மதம் சொல்கிறாள். படித்தாயா என்றால், “யாரும்மா இதெல்லாம் படிக்கிறாங்க?” என்கிறாள். முழுதும் படித்த பிறகு தொடு என்று நச்சரிக்கிறேன், அவள் சிரிக்கிறாள். அவளிடம் இன்னும் சொல்லாத ஒன்று உண்டு.

நாங்கள் ஒப்பு வைத்த அந்த மாதக் கடைசியில், எர்ணாகுளத்துக் கல்லூரி மாணவிகள் இருவரோடு ஒரு பெண் எங்கள் தெருவுக்கு வந்தார். மலையிலிருந்து வந்த காடர் பெண், அம்மாவின் வயதிருக்கும். ஒப்பு வைத்தவர்களைப் பார்க்க வேண்டும் என்றார். தமிழும் மலையாளமும் கலந்த அவர் பேச்சு எங்களுக்கு எளிதாகவே புரிந்தது. யாரும் சொல்லாமல் அம்மாவே சாயா கொண்டுவந்து வைத்தார்.

“வாசிச்சது யாரு?” என்று கேட்டார் அந்தப் பெண்.

ஒருவரும் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. நானே முன்னால் போய் நின்றேன். அவர் என் பக்கம் திரும்பினார்.

“எங்க ஊருக்கும் ஒரு தாள் வந்துச்சு. பள்ளிக்கூடம் போற பிள்ளைதான் வாசிச்சா. எங்கள மாத்துறதா எழுதியிருந்தத அவளும் விட்டுட்டா” என்றவர், சாயா கிளாஸைக் கீழே வைத்தார். “எம் மகதான்.”