புதன் வெள்ளி பார்க்கலாம்

போன மாதம் ஒரு சனிக்கிழமை ஈப்போவிலிருந்து தஞ்சோங் மாலிம் போய்வந்தேன். அங்குள்ள பல்கலைக்கழக வான் ஆய்வகத்தின் வரலாற்றைக் கண்காட்சியாக வைத்திருக்கிறார்கள். அதைப் பார்க்கத்தான் போனேன் என்று எழுத ஆசை. உண்மையில், அங்கே வேலை செய்யும் என் தோழி வசந்தி அப்படி என்னதான் சாதித்துவிட்டாள் என்று பார்க்கப் போனேன்.

சுங்கை சிப்புட்டில் ஒரே ரப்பர் தோட்டத்துப் பிள்ளைகள் நாங்கள். நட்சத்திரப் பைத்தியம் முதலில் பிடித்தது எனக்கு. பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது அவளுக்கு! ஒன்பது வருடங்களுக்கு முன் ஆய்வகத்தின் குவிமாடம் திறந்தபோது செய்தி அனுப்பினாள்: "புதன் வெள்ளி பாக்கலாம், வந்துரு." இரண்டில் ஒருநாள் என்று நினைத்து, வெள்ளிக்கிழமை லீவு போட்டுப் போனேன். கதவில் பூட்டு. வேண்டுமென்றே அலையவிட்டாள் என்று போன்கூடப் போடாமல் திரும்பினேன். அதன்பிறகு தீபாவளி வாழ்த்தோடு சரி.

இந்தமுறை மாலை நான்கு மணி ரயில், ஒன்றேகால் மணி நேரம். நிலையத்துக்கு வெளியே கார் வைத்திருந்தவரிடம், "யூனிவர்சிட்டிக்கு எவ்வளவு அண்ணே?" என்றேன்.

"எட்டு வெள்ளி லா. ஏறுங்கக்கா."

மலேசியாவில் ரிங்கிட்டுக்கும் வெள்ளி என்றுதான் பெயர்; எங்கே போனாலும் இந்த வெள்ளி என்னை விடாது போல. ஏழு நிமிடத்தில் இறக்கிவிட்டார்.

வசந்தி இடுப்பில் சாவிக்கொத்தோடு வந்தாள். குவிமாடத்துக்கே சாவி! எனக்கு வயிறு எரிந்தது, மறைக்க என்ன இருக்கிறது? சுவரில் வரிசையாகப் படங்கள்: தார்ப்பாய் போர்த்திய முதல் தொலைநோக்கி, மாணவர்களே சிமெண்டு கலக்கும் காட்சி, பிறகு குவிமாடம். நான்கு படங்களில் அவள் நிற்கிறாள், எண்ணினேன். கண்ணாடிப் பெட்டியில் திறப்புநாள் வருகையாளர் பதிவேடு. இரண்டாம் எண்ணிலிருந்துதான் பெயர்கள் இருந்தன.

"என்னடி, மொத வரி காலியா இருக்கு?"

"உனக்குத்தான் விட்டேன். நீதான் வரல."

"வந்தேன்டி! வெள்ளிக்கிழம வந்து பூட்டப் பாத்துட்டுப் போனேன்."

"வெள்ளிக்கிழமையா? அடி மடச்சி! புதன்கிழம, வெள்ளி கிரகம் பாக்கலாம்னுதானே போட்டேன்!"

பெட்டியைத் திறந்து பேனாவை நீட்டினாள். முதல் வரியில் என் பெயரை எழுதினேன். ஏழே முக்காலுக்குத் தொலைநோக்கியில் வெள்ளியைக் காட்டினாள். குட்டிப் பாதி நிலா மாதிரி இருந்தது.

போகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டு, மாலை ஏழுக்குள் போய்விடுங்கள். மழை நாளில் எதுவும் தெரியாது. எந்த நாள் என்று தேதியோடு கேளுங்கள், சந்தேகம் வந்தால் போன் போடுங்கள். நான் போடவில்லை, ஒன்பது வருடம் போச்சு.

பதிவேட்டில் முதல் பெயர் இப்போது என்னுடையது. ஆனாலும் நாங்கள் வெளியே வந்ததும் கதவைப் பூட்டியவள் அவள்தான்.