எண்ணெய்த் தலையும் மூளை அலைகளும்

தியானம் பழகியவர்களின் மூளை அலைகளையும் பழகாதவர்களின் மூளை அலைகளையும் ஒப்பிடுவதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. பழகியவர்கள் மயிலாப்பூரிலிருந்தும் திருவான்மியூரிலிருந்தும் தாமாகவே வந்தார்கள். பழகாதவர்களைத்தான் வலைவீசித் தேட வேண்டியிருந்தது. இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் தினமும் தியானம் செய்வதாகவே சொல்கிறார்கள். ஆய்வேட்டை ஒப்படைக்கப் பத்து நாள் இருந்தபோது ஒரே ஒரு பதிவு பாக்கி. தி. நகர் ஜவுளிக்கடை ஒன்றில் புடவைப் பிரிவில் நிற்கும் ஓர் அக்கா, தன் விடுமுறை நாளில் அடையாறிலிருந்த எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வரச் சம்மதித்தார்.

"தியானமா? நிக்கவே நேரம் பத்தல, எங்க கண்ணு குந்துறது?" என்று போனில் சிரித்தார். எனக்கு வேண்டியதும் அப்படி ஒருவர்தான். தலைக்குக் குளித்துவிட்டு வரும்படி மூன்று முறை சொன்னேன்.

குளித்துவிட்டுத்தான் வந்தார். குளித்து, காயவைத்து, அதன்மேல் வழிய வழியத் தேங்காய் எண்ணெய் வைத்து, படிய வாரி, மல்லிகையும் சூடி வந்தார். எண்ணெய்த் தலையில், மூளை அலைகளை அளக்கும் எங்கள் மின்முனைத் தொப்பி எதையும் ஒழுங்காகப் பதிவுசெய்யாது. எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும்; தியானத்தை ஆராய்கிறவளுக்கு இது அழகா என்று என் வழிகாட்டியே கிண்டல் செய்வார்.

"எண்ணெய் வைக்கக் கூடாதுன்னு தெரியாதாக்கா?" என்று கத்திவிட்டேன்.

"பெரிய எடத்துக்குப் பரட்டத் தலயோட எப்டிமா வர்றது?" என்றார். முகம் சுண்டிப்போயிருந்தது.

வெட்கமாகிவிட்டது எனக்கு. கைகழுவும் தொட்டியில் அவரைக் குனியவைத்து, ஷாம்பு போட்டு, இரண்டு முறை நானே அலசினேன். துவட்டிவிட்டுத் தொப்பியை மாட்டி, சும்மா கண்ணை மூடி உட்காரச் சொன்னேன்.

திரையில் வந்ததைப் பார்த்து எனக்கு உடம்பு சிலிர்த்தது. நெடுங்காலம் தியானம் பழகியவர்களிடம் மட்டுமே நான் பார்த்திருந்த அலைகள். சீராக, ஆழமாக, காற்றில்லாத காலைக் கடல் மாதிரி. கம்பிகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். பழுது எதுவும் இல்லை.

தொப்பியைக் கழற்றும்போது அவர் சொன்னார்: "எங்கம்மா போனதுலருந்து யாரும் என் தலயத் தொட்டதில்லமா."

அந்தப் பதிவை ஆய்வில் சேர்க்க முடியாது. வேறு யாருக்கும் நான் தலை அலசிவிடவில்லையே. வழிகாட்டியும் நீக்கிவிடச் சொன்னார். அடுத்த வார விடுமுறையில் அக்கா மறுபடி வந்தார், எண்ணெயில்லாத தலையோடு, வழியெல்லாம் கூச்சப்பட்டுக்கொண்டு. இம்முறை அலைகள் எல்லோருடையதையும் போல இருந்தன. கடை, பஸ், மகள் கல்யாணம் எல்லாம் உள்ளே ஓடியிருக்கும். என் ஆய்வேடு முழுமையடைந்தது. ஆனால் அதில் இடம்பெறாத அந்த முதல் பதிவைத்தான் இன்றும் பிரமிப்போடு எடுத்துப் பார்க்கிறேன்.

எந்தப் பதிவு முடிந்தாலும், மின்முனைகளுக்கு அடியில் வைக்கும் ஜெல் தலையெல்லாம் அப்பியிருக்கும். வழக்கமாக ஒரு துண்டைக் கொடுத்து அனுப்பிவிடுவேன். வீட்டில் போய் அலசிக்கொள்வார்கள். அந்த இரண்டாவது முறை அக்கா துண்டை வாங்கிக்கொண்டார். கிளம்பவில்லை. தொட்டியைப் பார்த்தபடி நின்றார்.

"பச ஒட்டிக்கினு கீதே கண்ணு... இன்னிக்கு அலசி உட மாட்டியா?"

குழாயைத் திறந்தேன்.